முக்கால் அங்குலம்

1987 மே 11 — ரூ. 6,200
1987 ஜூன் 22 — ரூ. 2,340
1987 ஜூலை 9 — ரூ. 1,180
1987 செப்டம்பர் 12 — ரூ. 415

முதல் தொகை 1967-ஆம் வருடத்து ஹெரால்டு கார் ஒன்றின் அடிச்சட்டத்துக்கும் இஞ்சினுக்கும் கொடுத்தது. இரண்டாவது நான்கு அலாய் சக்கரங்களுக்கு. மூன்றாவது டயர்களுக்கு. நான்காவது, கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் கமான் பட்டறை வைத்திருந்த சுப்புராயன் வாங்கிய கூலி. அந்தக் கூலிக்குச் செய்த வேலையால் பதினோரு வருடம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதனுக்குப் பிழைப்பு போயிற்று.

சுப்புராயன் 1944-இல் மணலூர்பேட்டையில் பிறந்தார். பதினாறு வயதில் விழுப்புரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்து, வண்டியின் கனத்தைத் தாங்கும் எஃகு வில்லான கமான் பட்டைகளைக் கழற்றவும் அடித்து வளைக்கவும் கற்றார். 1969-இல் கள்ளக்குறிச்சிக்கு வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இரண்டு வருடம் கழித்து, புதுசு என்று நம்பி வாங்கிப் போட்ட பட்டை ஒன்று, கரும்பு ஏற்றிய லாரியில் நடுவழியில் முறிந்தது. வண்டி சாய்ந்து கிளீனரின் கால் நசுங்கியது. பழைய பட்டைக்குச் சாயம் அடித்து விற்றிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து சுப்புராயன் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. அரைக்கிலோ சுத்தியல் ஒன்று இடுப்பிலேயே இருக்கும். இரும்பைத் தட்டுவார், காதைக் கொடுத்துக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். பித்தளைப் பாத்திரம், மண்சட்டி, பட்டறைக்கு வைத்த கதவு எல்லாம் இந்தப் பரீட்சையில் தேறித்தான் உள்ளே வந்தன. கதவுக்கு மூன்று பூட்டு. டீக்கடையில் கிளாஸ் கழுவுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீ சொல்வார். அவர் மனைவி தைலம்மாள் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்:

"என்னை மட்டுந்தான் தட்டிப் பாக்காம கட்டிக்கினாரு. அதை நெனச்சி இன்னிக்கும் யோசிச்சிக்கினு இருக்காரு."

இப்படிப்பட்டவரிடம்தான் அறிவுச்செல்வன் வந்தான். கச்சிராயபாளையத்தில் முப்பது ஏக்கர் கரும்பு வைத்திருந்த ராஜாங்கத்தின் இளைய மகன். வயது இருபத்து நான்கு. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்து, இரண்டு பேப்பர் பாக்கி வைத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். ஹெரால்டு காரின் மேல்கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அலுமினியத் தகட்டில் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற மாதிரி தட்டையாக ஓர் உடம்பு கட்டியிருந்தான். பிப்ரவரியில் சோழவரத்தில் நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டும். அதற்கு வண்டி தரையோடு தரையாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வேலை சரியாக வந்தால் சென்னைப் பந்தயக்காரர்களின் வண்டிகளும் இந்தப் பட்டறைக்கே வரும் என்று வாக்குக் கொடுத்தான். சுப்புராயன் அந்த வாக்கையும் சந்தேகப்பட்டார். ஆனாலும் ஆசை வந்துவிட்டது.

முதலில் சக்கரம். மூன்று வழி இருந்தது. வண்டியோடு வந்த பதின்மூன்று அங்குல இரும்பு ரிம் குறுகலாக இருந்தது. அகல டயர் அதில் உட்காராது. அதே ரிம்மை நடுவில் அறுத்து, பட்டி வைத்துப் பற்றவைத்து அகலப்படுத்தலாம். அல்லது சென்னைக் கடையில் வரும் அலாய் சக்கரம் வாங்கலாம். எடை கம்மி, அகலம் ஐந்தரை அங்குலம். பற்றவைத்த ரிம் சுப்புராயனுக்கு ஆகாது. பற்று எங்கே விடும் என்று பற்றவைத்தவனுக்கே தெரியாது என்பார். அலாய் அவருக்கு அதைவிட ஆகாது.

"இரும்பு வளையும், தம்பி. வளைஞ்சா அடிச்சி நிமித்திக்கலாம். இது வளையாது. ஒரு வார்த்த சொல்லாம வுட்டுப்புடும்."

அறிவுச்செல்வன் அலாய்தான் என்று நின்றான். நான்கு சக்கரமும் ஜூன் 22 அன்று பார்சலில் வந்தன. சுப்புராயன் ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினார். மூன்று மணிபோல் ஒலித்தன. நான்காவது மழுங்கலாக ஒலித்தது. அதை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவி வைத்தார். கால் மணி நேரத்தில் ஆரம் ஒன்றின் அடியில், மயிர் கனத்துக்கு ஒரு ஈரக்கோடு வெள்ளையில் ஊறி வந்தது. விரிசல். சக்கரம் திரும்பிப் போய் வேறு வந்தது. அன்று முதல் அறிவுச்செல்வனுக்கு அவர் வார்த்தை வேதமாகிவிட்டது. பின்னால் நடந்த கெடுதலுக்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

அடுத்தது கமான். முன்பக்கம் சுருள்கள் இரண்டு. வெல்டிங் காஸ் தீயால் சூடு காட்டினால் சுருள் தானே அமுங்கி வண்டி இறங்கிவிடும், மலிவான வழி. சூடு பட்ட சுருள் செத்த சுருள் என்று சொல்லி சுப்புராயன் மறுத்தார். சுருளுக்கு ஒரு சுற்று வீதம் ரம்பத்தால் அறுத்து எடுத்தார். பின்பக்கம் குறுக்குவாட்டில் ஒரே கட்டு, ஏழு பட்டைகள். வளைவைக் குறைத்தால் பின்பக்கம் தாழும். தாழும்போது பின் சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து அடி விரியும். சாய்வு அளவோடு இருந்தால் வளைவில் வண்டி தரையைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சினால் டயரின் உள்விளிம்பு தேயும். மட்கார்டின் உள்ளே சுண்ணக்கட்டி தேய்த்துவிட்டு வண்டியை உருட்டி, டயரில் எங்கே வெள்ளை ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து, ஒன்பது நாள் ஏழு பட்டைகளையும் அடித்தார்.

எவ்வளவு தாழ்த்துவது என்பதில் தகராறு வந்தது. தரையிலிருந்து நாலு அங்குல உயரம் போதும் என்றான் அறிவுச்செல்வன். ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் கச்சிராயபாளையம் சாலையில் தடம் போட்டு, நடுவில் மேடு விட்டிருந்தன. சுப்புராயன் அளவுகோலோடு போய் அளந்தார். மேடு நாலரை அங்குலம். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது சட்டத்துக்கும் தரைக்கும் ஐந்து அங்குலம் என்று முடிவாயிற்று.

எந்த வண்டிக்கும் கமான் அளவு பார்க்க, ஆளுக்குப் பதிலாக மூட்டை வைப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். அதற்கென்றே இரண்டு நெல் மூட்டைகள் மூலையில் கிடக்கும். அந்த வாரம் தைலம்மாள் அவற்றை அவித்து அரைக்க அனுப்பிவிட்டாள். ஆனால் வேறு இரண்டு மூட்டைகள் இருந்தன. ராஜாங்கத்தின் ஜீப் டிரைவர் மாயவன் சந்தையில் விற்கக் கொண்டுவந்து, அங்கே இறக்கி வைத்த சாமை. மாயவன் மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரன், வயது முப்பத்தெட்டு. மூட்டைகளில் சாக்கின் வாய் நீளமாக விட்டுக் கட்டியிருந்தது. சுப்புராயன் அதைக் கவனித்தார். சாமை நெல்லைவிடக் கனத்த தானியம், எழுபத்தைந்து கிலோவுக்கு இடம் கொஞ்சமாகத்தான் பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டார். செப்டம்பர் 12, சனிக்கிழமை, சாமை மூட்டைகளை இரண்டு இருக்கையிலும் ஏற்றி அளந்தார். சரியாக ஐந்து அங்குலம்.

அவர் செய்த பட்டையில் எப்போதும் மூன்று குத்துப்புள்ளி அடையாளம் வைப்பார். இந்த வண்டியில் அதை அறிவுச்செல்வன் தடுத்துவிட்டான். பந்தய வேகத்தில் அந்தப் புள்ளியிலிருந்தே விரிசல் கிளம்பும் என்றான். அது சரியான பேச்சு, சுப்புராயன் ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 15 அன்று அறிவுச்செல்வன் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு, மலை வளைவுகளில் பழக்கிப் பார்க்கக் கரியாலூர் போனான். மாயவன் பின்னால் ஜீப்பில் போனான். மறுநாள் ஊரில் ஒரு வேலை வர, திரும்பி வந்து பழக்கிக்கொள்ளலாம் என்று காரை மாயவனிடம் ஒப்படைத்துவிட்டு, அறிவுச்செல்வன் மலையிறங்கிய லாரி ஒன்றில் ஏறி வந்துவிட்டான். 17-ஆம் தேதி வியாழக்கிழமை ஏழு நாள் சாலை மறியல் தொடங்கியது.

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகவே மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஏழு நாளும் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் இறந்தார்கள். அந்த வாரம் யார் எங்கே போனாலும் எதிரே வருபவனின் கையைத்தான் முதலில் பார்த்தார்கள். சுப்புராயன் நான்காவதாக ஒரு பூட்டு வாங்கினார்.

மரங்களை அகற்றி வழி திறந்த பிறகு, 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அறிவுச்செல்வன் கல்லூரி நண்பன் ஒருவனோடு மலைக்குப் போய்க் காரை எடுத்தான். இருவரும் உட்கார்ந்து இறங்கினார்கள். மாயவன் ஜீப்பில் பின்னால் வந்தான். வழியில் போலீஸ் நிறுத்தி, இவ்வளவு தாழ்வாக இருக்கிற வண்டியின் அடியில் எதை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று குனிந்து பார்த்து அனுப்பியது. கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம், கரும்பு வண்டி மேட்டில் சட்டம் உரசியது. பின் சக்கரங்கள் அளவுக்கு மேல் விரிந்து நின்றன.

மறுநாள் காலை வண்டி பட்டறைக்கு வந்தது. இதற்குள் புது நெல் மூட்டைகள் மூலையில் வந்திருந்தன. இரண்டையும் ஏற்றி அளந்தார். நாலேகால் அங்குலம். மறுபடி அளந்தார். நாலேகால்.

முக்கால் அங்குலம் எங்கே போயிற்று? கட்டைப் பிரித்தார். பட்டைகள் ஏழும் இருந்தன. ஆனால் நட்டுகளில் புது எண்ணெய் மினுங்கியது. அவர் போட்ட எண்ணெய் அல்ல. யாரோ கை வைத்திருக்கிறார்கள். ராஜாங்கத்தின் வீட்டில் நின்ற ஜீப்பைப் போய்ப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் புதிதாக அடித்த கொடுவாள் ஒன்று கிடந்தது. எடுத்துத் தட்டினார். கமான் எஃகு.

மலையில் கொல்லர்கள் கமான் பட்டையில்தான் அரிவாள் அடிப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். மரம் வெட்டின அந்த வாரத்தில் அரிவாளுக்குக் கிராக்கி எப்படி இருந்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். மாயவன் நல்ல பட்டைகளைக் கழற்றிக் கொல்லனுக்குக் கொடுத்துவிட்டு, சோர்ந்த பழைய பட்டைகளைப் பூட்டியிருக்கிறான். குத்துப்புள்ளி இல்லாததால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்திருக்கிறான். எல்லாம் அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. பொருந்தியது என்பதாலேயே அவர் அதற்கு மேல் தட்டிப் பார்க்கவில்லை.

அன்று மாலை நாலே முக்கால் மணிக்கு, ராஜாங்கத்தின் வீட்டு வாசலில் வைத்து அதைச் சொன்னார். அறிவுச்செல்வன் நம்பினான். ராஜாங்கம் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு மாயவனைக் கூப்பிட்டார். மாயவன், மழையில் நட்டு துருப் பிடிக்கக் கூடாது என்று எண்ணெய் போட்டதாகச் சொன்னான். கொடுவாள் பழைய ஜீப் பட்டையில் அடித்தது, சாலையில் விழுந்த கிளை கழிக்க வாங்கியது என்றான். அந்தப் பழைய பட்டை எங்கே வாங்கியது என்று ராஜாங்கம் கேட்டார். கொல்லனைத்தான் கேட்க வேண்டும் என்றான் அவன். கொல்லனைக் கேட்க யாரும் போகவில்லை.

மாயவன் ஜீப் சாவியை வாசற்படியில் வைத்தான். பிறகு சுப்புராயனிடம் வந்தான்.

"அண்ணா, பதினோரு ராத்திரி அந்த வண்டிகிட்டயே படுத்தன். எம் புள்ளைங்கள கூட கிட்ட அண்ட வுடல. நீங்க சொன்னா ஊரு நம்பும். அது தெரிஞ்சிதான சொன்னீங்க?"

 மாயவன் நடந்தே பஸ் நிறுத்தத்துக்குப் போனான்.

பட்டைகளை மறுபடி வளைத்து, நெல் மூட்டை வைத்து ஐந்து அங்குலத்துக்குக் கொண்டுவர நான்கு நாள் ஆயிற்று. அதன் பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து போனாலும் வண்டி மேட்டில் உரசவில்லை. சந்தேகம் உறுதியாகிவிட்டது என்று சுப்புராயன் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி 1988 ஜனவரி 20 வரை நீடித்தது.

அன்று சந்தையில் தானியக் கடை ஒன்றில் மலைச் சாமை இறங்கிக்கொண்டிருந்தது. வாய் நீளமாக விட்டுக் கட்டிய மூட்டைகள். வியாபாரி ஒன்றைத் தராசில் ஏற்றினார். ஐம்பது கிலோ. அடுத்ததும் ஐம்பது. மற்றது நாற்பத்தொன்பதரை. சுப்புராயன் கிட்டே போய், மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ குறைகிறதே என்றார். வியாபாரி அவரை ஒரு மாதிரி பார்த்தார். மலை மூட்டை எப்போதும் அப்படித்தான், காட்டிலிருந்து ரோடு வரைக்கும் தலையில் சுமந்து வரவேண்டும் அல்லவா என்றார்.

சுப்புராயன் முதலில் தராசைச் சந்தேகப்பட்டார். பட்டறையிலிருந்து இருபது கிலோ எடைக்கல்லைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். தராசு சரியாக இருந்தது. பிறகு வியாபாரியைச் சந்தேகப்பட்டார். பிறகு, இந்த வருடம்தான் மலைக்காரர்கள் அளவைக் குறைத்துவிட்டார்களோ என்று பார்த்தார். வேறு இரண்டு கடைகளில் விசாரித்ததில், எந்த வருடமும் அதே ஐம்பதுதான். கடைசியில் இரண்டு சாமை மூட்டைகளை வாடகைக்குப் பேசி எடுத்துவந்து, சர்வீசுக்கு வந்திருந்த அதே காரில் ஏற்றி அளந்தார். அவற்றை இறக்கி, நெல் மூட்டைகளை ஏற்றி அளந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் அங்குலம்.

பட்டைகளை யாரும் மாற்றவில்லை. முதல் அளவே தப்பு. சக்கரத்தைத் தட்டினார், சாலையை அளந்தார். மூட்டையை மட்டும் நிறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து மூட்டை என்றால் அவருக்கு எழுபத்தைந்துதான்.

தைலம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமே சந்தேகப்பட யாருதான் பாக்கி? நான் ஒருத்தி இருக்கேன். இல்லன்னா நீங்க இருக்கீங்க."

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். அந்த மனுசன் வூட்ல அடுப்பு எரியுதோ இன்னாவோ."

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு மூட்டையின் கனம் தெரியாத ஆளிடம் எந்தச் சென்னைக்காரன் வண்டியைக் கொடுப்பான்? நான்கு நாள் பேசாமல் இருந்தார். ஐந்தாம் நாள், ஜனவரி 25, திங்கட்கிழமை, கச்சிராயபாளையம் போய் ராஜாங்கத்திடமும் அறிவுச்செல்வனிடமும் சொன்னார். எண்களை வரிசையாகச் சொன்னார். அறிவுச்செல்வன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அந்த வாரமே காரைச் சென்னைக்கு அனுப்பி வேறொரு பட்டறையில் முழுக்கப் பரிசோதிக்கச் சொன்னான். அதன் பிறகு அவன் சங்கராபுரம் சாலைப் பக்கம் வரவில்லை. சென்னை வண்டி ஒன்றும் வரவில்லை.

ராஜாங்கம் சுப்புராயனிடம் சொன்னார்:

"அன்னிக்கி சொன்னது நீ. நான் நம்பனேன். போய் அவனைக் கூட்டிக்கினு வா. சாவி ஆணியிலதான் தொங்குது."

28-ஆம் தேதி சுப்புராயன் கரியாலூர் போனார். மாயவனின் மனைவி பெரியம்மாள் வாசலில் கடுக்காய் காய வைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். மாயவன் ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறான் என்றாள். சுப்புராயன் நின்றபடியே முழுவதையும் சொன்னார். அவள் கடுக்காயைப் பரப்புவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அந்த மூட்டைங்கள நான்தான் கட்டனேன். என்னால தூக்க முடியற அளவுக்குத்தான் கட்டுவேன். எவ்ளோன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரே."

சுப்புராயன் எஸ்டேட் விலாசத்தை எழுதிக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட்டார்.

பிப்ரவரி 1 அன்று முதல் கடிதம் போட்டார். பதில் இல்லை. தபால்காரர் மேல் சந்தேகம் வந்து, 22-ஆம் தேதி இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மார்ச் 9 அன்று மாயவன் சொல்லி, யாரோ எழுதிய பதில் வந்தது. எஸ்டேட்டுக்கும் சேதி எட்டிவிட்டது, காரின் பட்டையைத் திருடி வெளியேற்றப்பட்டவன் என்று மேலாளர் விசாரிக்கிறார், மாதக் கடைசிக்குள் வேலை போனாலும் போகும் என்று இருந்தது. "உங்கள் கடிதம் இரண்டிலும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மட்டும் இருக்கிறது. யார் செய்தது என்று இல்லை. இதைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்."

சுப்புராயன் தம் கடித நகல்களை எடுத்துப் படித்தார். அவன் சொன்னது சரி. இரண்டு முழுப் பக்கத்தில் தம் பெயர் கையெழுத்தில் மட்டுமே இருந்தது.

மூன்று நாள் உட்கார்ந்து புதிதாக எழுதினார். மூட்டையை நிறுக்காமல் அளவெடுத்தவன் நான். பட்டைகள் மாறவில்லை. எண்ணெய் போட்டது வண்டியைக் காக்க. திருட்டு என்று வாசலில் நின்று சொன்னவன் நான், அது பொய்யாயிற்று. சாமை மூட்டையின் எடை, நெல் மூட்டையின் எடை, இரண்டு அளவுகள், தேதிகள் எல்லாவற்றையும் சேர்த்தார். சாட்சிக் கையெழுத்துக்கு ராஜாங்கத்திடம் போனபோது, வீட்டு விஷயம் எஸ்டேட் வரைக்கும் போக வேண்டுமா என்று அவர் தயங்கினார். சுப்புராயன் இரண்டாம் முறையும் போனார், மூன்றாம் முறையும் போனார். மார்ச் 21 அன்று ராஜாங்கம் கையெழுத்துப் போட்டார். அன்றே பதிவுத் தபாலில் போயிற்று.

மாதம் முடிந்தது. பதில் வரவில்லை. ஏப்ரலில் பாதி போயிற்று. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே சுப்புராயன் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். வேலை போயிருக்கும் என்று தைலம்மாளிடம் சொல்வார். சற்று நேரம் கழித்து, போயிருந்தால் திட்டியாவது எழுதியிருப்பான் என்பார்.

வந்த கடிதம் ஆறு வரி. "நீங்கள் எழுதியது கிடைத்தது. மேலாளர் படித்து, பைலில் வைத்துக்கொண்டார். வேலை இருக்கிறது. சித்திரையில் பெரியம்மாளையும் பிள்ளைகளையும் இங்கே அழைத்துக்கொள்கிறேன். ராஜாங்கம் ஐயாவின் ஜீப்புக்குத் திரும்பி வர மாட்டேன். இனி நீங்கள் எழுத வேண்டாம்."

சுப்புராயன் உறையின் முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஏற்காடுதான். அடியில் போட்ட கையெழுத்தும் மார்ச் மாதக் கடிதத்தில் இருந்த மாயவனுடையதுதான். அந்தக் கடிதம் வந்தது 1988 ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை.